படிப்பு முடிந்து 21 வருடம் கழித்து ஒரு உரிமத் தேர்வு: என்கிளெக்ஸ் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா தேறிவிட்டாள். அதனால் இதை வயிற்றெரிச்சலில் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவள் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தது 2003ல். நாலு வருஷத்துக்கு மேல் வார்டில் வேலை பார்த்தாள். 2008ல் கல்யாணமாகி அமெரிக்கா போனாள். 2009ல் அங்கே நர்ஸாக உரிமம் வாங்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வை எழுதினாள். 75வது கேள்வியோடு திரை நின்றுவிட்டது. தேறவில்லை. மறுபடி எழுதியது 2024ல். அந்த எட்டு மாதத் தயாரிப்பில் அவளுக்குக் காலை, எனக்கு ராத்திரி, போனில் தினமும் கேள்வி வாசித்தது நான்தான்.

நான் நர்ஸ் இல்லை. கேள்வியை வாசிப்பது, அவள் பதிலைக் கேட்பது, விடை விளக்கத்தை வாசிப்பது, அவ்வளவுதான் என் வேலை. ஆனா எட்டு மாதம் ஒரு தேர்வோடு குடித்தனம் நடத்தினால் அதோட குணம் தெரிய ஆரம்பிச்சுடுது. போகப்போக ஆர்வம் பிடித்துக்கொண்டு, தேர்வு அமைப்பு வெளியிடும் தேர்வுத் திட்டத்தையும் சில மாநிலங்களின் விதிகளையும் எடுத்துப் படித்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: தேர்வு மோசமில்லை. பல இடங்களில் நல்ல தேர்வு. ஆனால் அதைச் சுற்றி ஒரு காலக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு ஒரு சாராருக்கு மட்டும் போடப்படுகிறது. அதைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன்.

தமிழ்நாட்டில் நர்சிங் படித்தவர் பல்கலைக்கழகத் தேர்விலோ டிப்ளமோ தேர்விலோ தேறியதும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்கிறார். தனியாக ஒரு உரிமத் தேர்வு கிடையாது. அமெரிக்காவில் அப்படியில்லை. பட்டம் வேறு, உரிமம் வேறு. உரிமம் கொடுப்பது மாநில வாரியம்; தேர்வு நாடு முழுக்க ஒன்று. 1982ல் என்கிளெக்ஸ் என்ற பெயரில் தொடங்கியபோது காகிதத்தில், வருஷத்துக்கு இரண்டே தடவை நடந்தது. 1994ல் கணினிக்கு மாறியது. வெறுமனே கணினியில் எழுதுவது இல்லை. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் பார்த்து, அடுத்து எந்தக் கேள்வியைத் தருவது என்று கணினி முடிவு செய்யும். சரியாகச் சொன்னால் கொஞ்சம் கடினமானது வரும், தப்பினால் கொஞ்சம் எளிதானது. உங்களால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பில் விடை சொல்ல முடிகிற கேள்வியாகத் தேடித்தேடிக் கொடுக்கும். அதனால்தான் நன்றாக எழுதுபவரும் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்போடு எழுந்து வருகிறார். விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. தாண்டவும் முடியாது.

எப்போது நிற்கும்? இவர் கோட்டுக்கு மேலேதான், அல்லது கீழேதான் என்று கணினிக்கு 95 சதவீத உறுதி வந்ததும் நிற்கும். 2009ல் குறைந்தது 75 கேள்வி, அதிகபட்சம் 265. இப்போது 85 முதல் 150. குறைந்தபட்சத்திலேயே நின்றால் ஒன்று தெளிவாகத் தேறியிருக்கலாம், அல்லது தெளிவாகத் தோற்றிருக்கலாம். அக்காவுக்கு 2009ல் நடந்தது இரண்டாவது. கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால், கோட்டின் பக்கத்திலேயே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போது கடைசிக் கணிப்பு கோட்டுக்கு மேலே இருந்தால் போதும். 2024ல் அவளுக்கு 150 கேள்வியும் வந்தது. ஆக, நூலிழையில் தேறியவள். இதையும் மறைக்கவில்லை.

இனி கேள்விகளுக்கு வருவோம். ரொம்ப நாள் கழித்து எழுதுகிறவர் தடுமாறுவது "படிச்சது மறந்துபோச்சு" என்பதால்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டு மாதத்தில் அக்கா தப்பிய கேள்விகளை ஒரு நோட்டில் வகை பிரித்து எழுதி வந்தேன். மறதி என்று சொல்லத்தக்கது எதிர்பார்த்த அளவு இல்லை. மறந்தது இரண்டு தடவை வாசித்ததும் திரும்பி வந்துவிட்டது. நிஜமாகத் தொல்லை கொடுத்தவை மூன்று.

ஒன்று, பெயர். அவளுக்குப் பாராசிட்டமால் தெரியும். தேர்வில் அது அசிட்டமினோஃபென். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் அல்பியூட்டெரால், பெத்திடின் மெபெரிடின். கையால் ஆயிரம் தடவை கொடுத்த மருந்து, ஆனால் கேள்வியில் அது முன்பின் தெரியாத ஆள். இதைத் திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தேர்வுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டு, நடுவில் மாறிப்போன விதிகள். அவள் படித்தபோது உயிர்காக்கும் முதலுதவியின் வரிசை ஏ-பி-சி: மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம். 2010ல் அமெரிக்க இதயச் சங்கம் அதை சி-ஏ-பி என்று மாற்றியது. நெஞ்சை அழுத்துவது முதலில். அக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. குழப்பம் வேறு இடத்தில். இதயம் நின்றுவிட்ட நோயாளிக்கு சி-ஏ-பி. ஆனால் "நாலு பேரில் யாரை முதலில் பார்ப்பீர்கள்?" என்ற வகைக் கேள்விக்கு இன்றைக்கும் பழைய ஏ-பி-சி வரிசையில்தான் யோசிக்க வேண்டும். புதிதாகப் படித்தவர் இரண்டையும் ஒரே வகுப்பில் கற்றிருப்பார். பழையவர் ஒன்றின் மேல் இன்னொன்றை ஒட்டவைத்துக்கொள்ள வேண்டியிருக்கு.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பச் சுவாரசியமானது. தேர்வுக்குள் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. நிஜத்தில் எங்கேயும் இல்லாத ஆஸ்பத்திரி. அங்கே எல்லோருக்கும் தனி அறை, அறைக்குக் கதவு. கேட்ட சாமான் கையில் இருக்கும். நோயாளிக்குப் பெயர் "கிளையண்ட்". நர்ஸுக்குக் கீழே எல்.பி.என். என்று ஒரு படி, அதற்கும் கீழே உரிமம் இல்லாத உதவியாளர். யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பது ஒரு தனிப் பாடம். நோயாளியை மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, கொடுத்த சிகிச்சை பலித்ததா என்று பார்ப்பது, இந்த மூன்றையும் உதவியாளரிடம் தள்ளிவிடக் கூடாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நிலையாக இருப்பவருக்கு பி.பி. பார்ப்பதை ஒப்படைக்கலாம். அக்கா இந்தப் பகுதியில் விழுந்துவிழுந்து எழுந்தாள். "ஊட்டறது, திருப்பிப் படுக்க வைக்கறது எல்லாம் கூட இருக்கறவங்க பாத்துப்பாங்கடா, அதை எதுக்கு இவன் என்கிட்ட கேக்கறான்?" என்றாள் ஒரு நாள். நம்மூர் வார்டில் நோயாளியோடு தங்கும் அம்மாவும் அத்தையும்தான் அந்தக் கீழ்ப்படி. என்கிளெக்ஸில் அத்தைக்கு இடமில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இது நானே அந்தப் பாணியில் எழுதிப் பார்த்தது. நாலு நோயாளிகள்: ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள், வலி பத்துக்கு ஏழு என்கிறார் ஒருவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி, ஆக்சிஜன் அளவு 90. சர்க்கரை 180 உள்ளவர் மூன்றாவது. தைராய்டு ஆபரேஷன் முடிந்து ஆறு மணி நேரம் ஆனவர், வாயைச் சுற்றிக் குறுகுறுவென்று இருக்கிறது என்கிறார். முதலில் யார் அறைக்குப் போவீர்கள்?

என்னை மாதிரி ஆள் 90 என்ற எண்ணைப் பார்த்துப் பதறிப் போவான். ஆனால் அந்த நோயில் அது எதிர்பார்க்கிற அளவுதான். விடை தைராய்டு நோயாளி. ஆபரேஷனில் பக்கத்துச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் இறங்கும். குரல்வளை இறுகி மூச்சே அடைக்கலாம். சாதாரணமாகத் தெரிகிற புகாருக்குள் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நல்ல கேள்விக்கு இதுதான் இலக்கணம், இந்த விஷயத்தில் தேர்வை எழுதுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு. அக்கா சரியான விடையைச் சொல்லிவிட்டு ஒன்று சேர்த்துக்கொண்டாள்: "எங்க வார்டுல கட்டில் எல்லாம் அடுத்தடுத்து. வாசல்ல நின்னா நாலு முகமும் தெரியும். யார் அறைக்குப் போறதுங்கற கேள்வியே வராது." நான் விடவில்லை, "வாசல்லேர்ந்து பாத்தாலும் முதல்ல யார்கிட்ட நடப்பே?" என்றேன். சிரித்துவிட்டு, "தைராய்டுகிட்டதான்" என்றாள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கேள்வியின் உள்ளே இருக்கும் தீர்ப்பு எல்லா ஊருக்கும் பொது. அதைச் சுற்றியிருக்கும் அறை, கதவு, பெயர், படிநிலை எல்லாம் ஒரு ஊருக்கும் ஒரு காலத்துக்கும் உரியவை. ரொம்ப நாள் கழித்து எழுதுகிறவர் பெரும்பாலும் இந்த வெளிச்சுற்றில்தான் மார்க் இழக்கிறார். தேர்வு இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்துவிடுகிறது.

இதைச் சரிசெய்யத் தேர்வு அமைப்பு முயற்சியே எடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2023 ஏப்ரலில் புது வடிவம் வந்தது. ஒரே நோயாளியைத் தொடர்ந்து ஆறு கேள்வி: என்ன அறிகுறி தெரிகிறது, அதற்கு என்ன பொருள், எதை முதலில் சந்தேகிப்பது, என்ன செய்யலாம், என்ன செய்வது, செய்தது பலித்ததா. நர்ஸின் குறிப்பு, ரத்தப் பரிசோதனை எல்லாம் திரையில் இருக்கும். பொருந்துபவை அனைத்தையும் தேர்ந்தெடு என்ற கேள்வியில் முன்பு ஒன்று தப்பினாலும் பூஜ்யம். இப்போது சரியானதற்குப் பகுதி மார்க் உண்டு. வார்டில் நின்றவருக்கு இந்த வடிவம் கை கொடுக்கிறது. அக்கா அதிகம் தப்பாமல் செய்தது இந்தப் பகுதியைத்தான்.

சரி, தேர்வைப் பாராட்டியாச்சு. இப்போது காலக் கணக்கு.

தேறாதவர் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம், வருஷத்துக்கு எட்டுத் தடவை வரை. இது பொது விதி. இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு இறுக்கலாம். கலிஃபோர்னியாவில் எத்தனை தடவை, எத்தனை வருஷம் என்ற வரம்பு இல்லை. ஃப்ளோரிடாவில் மூன்று தடவை தொடர்ந்து தோற்றால் வாரியம் ஒப்புக்கொண்ட மீள்பயிற்சி முடிக்க வேண்டும். படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் எழுதாவிட்டாலும் ஒரு தயாரிப்பு வகுப்பு கட்டாயம். டெக்சாஸில் படித்து முடித்த நாலு வருஷத்துக்குள் தேற வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி நர்சிங் படிப்பையே முடிக்க வேண்டும். மீள்பயிற்சி இல்லை, படிப்பே.

இதற்குச் சொல்லும் காரணம் நியாயமாகத்தான் தெரிகிறது. மருத்துவ அறிவு பழசாகும். இடைவெளி கூடக்கூடத் தேர்ச்சி குறைகிறது என்று தேர்வு அமைப்பின் ஆய்வே காட்டியிருக்கிறது. மறுமுறை எழுதுபவர்களின் தேர்ச்சி முதல்முறை எழுதுபவர்களைவிட மிகக் குறைவு என்பதும் உண்மை. 2022ல் அமெரிக்காவில் படித்து முதல்முறை எழுதியவர்களில் பத்தில் எட்டுப் பேர் தேறினார்கள். மறுமுறை எழுதியவர்களில் பாதிக்கும் குறைவு.

ஆனால் இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கணும். எத்தனை தடவை என்ற வரம்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிற ஒருவர் பத்துத் தடவை எழுதினால் ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் மேலே வந்துவிடலாம். எந்த அளவுகோலுக்கும் அந்தப் பிழை உண்டு. அதைத் தடுக்க நடுவில் ஒரு பயிற்சி வைப்பது சரி. எத்தனை வருஷம் என்ற வரம்புக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அறிவு போய்விட்டிருந்தால் தேர்வே தோற்கடித்துவிடுமே? அதற்குத்தானே தேர்வு? தேர்வை நம்புகிறோம் என்றால் நாள்காட்டி எதற்கு? நம்பவில்லை என்றால், நேற்றுப் படிப்பு முடித்தவருக்கு மட்டும் அதே தேர்வு எப்படிப் போதும்?

இடைவெளி விழுந்தவர்கள் யார் என்பதையும் பார்க்கணும். அக்கா போனது எச்4 விசாவில். கணவருக்கு வேலை, மனைவிக்கு வேலை செய்யும் உரிமை கிடையாது. 2015 மே மாதம்தான், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால், அந்த விசாவில் இருப்பவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதி வந்தது. அக்காவின் 15 வருஷ இடைவெளியில் சோம்பலின் பங்கு எவ்வளவு, விசாவின் பங்கு எவ்வளவு, இரண்டு பிரசவத்தின் பங்கு எவ்வளவு? புள்ளிவிவரத்தில் இவை எல்லாம் "இடைவெளி" என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகின்றன. அப்புறம் அந்தக் கட்டத்தைக் காட்டியே, பார், இடைவெளி அறிவைத் தின்கிறது என்கிறார்கள்.

என்னை ரொம்ப உறுத்துவது இன்னொன்று. 2009ல் அக்காவோடு சேர்ந்து படித்து எழுதிய தோழி ஒருத்தி தேறினாள். இன்றைக்கும் அவளிடம் உரிமம் இருக்கிறது. நடுவில் சில வருஷம் அவளும் வேலைக்குப் போகவில்லை. புதுப்பிக்க அவள் செய்ய வேண்டியது தொடர்கல்வி மணிநேரம் காட்டுவதும் கட்டணம் கட்டுவதும். கலிஃபோர்னியாவில் இரண்டு வருஷத்துக்கு 30 மணி நேரம், டெக்சாஸில் 20. என்கிளெக்ஸை மறுபடி எழுது என்று அவளிடம் யாரும் சொல்லப் போவதில்லை. இதற்கிடையே தேர்ச்சிக் கோடே 2010லும் 2013லும் உயர்த்தப்பட்டது. அதன்பின் அதே உயரத்தில் நிற்கிறது. அதாவது தோழி தாண்டியது இன்றைய கோட்டைவிடத் தாழ்வான ஒன்றை. அக்கா தாண்டியது உயர்ந்ததை. ஆனால் 15 வருஷமாக "அறிவு பழசாகியிருக்கும்" என்ற சந்தேகம் விழுந்தது அக்கா மேல்தான்.

தோழி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவளையும் மறுபடி எழுத வையுங்கள் என்பதும் என் வாதம் இல்லை. அவளுக்கு 30 மணி நேரம் போதும் என்று நம்ப முடிகிறதென்றால், அக்கா மாதிரி ஆட்களுக்கும் அதே நம்பிக்கையின் ஒரு பங்கைக் கொடுக்கலாமே என்கிறேன். அறிவு பழசாகும் என்பது உண்மையென்றால் உரிமம் உள்ளவருக்கும் ஆகும், இல்லாதவருக்கும் ஆகும். காகிதம் கையில் இருந்தால் மூளை கெடாது என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை.

மாற்று என்ன? வருஷ வரம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குறுகிய மீள்பயிற்சியை வைக்கலாம். ஃப்ளோரிடாவின் விதி டெக்சாஸின் விதியைவிட மனிதத்தன்மை உள்ளது என்பது என் அபிப்பிராயம். அடுத்தது, தோற்றவருக்குத் தரும் அறிக்கை. ஒவ்வொரு பாடப்பகுதிக்கும் கோட்டுக்கு மேல், கோட்டின் அருகே, கோட்டுக்குக் கீழ் என்று மூன்றில் ஒன்று இருக்கும். மருந்துப் பெயரில் தப்பினாரா, வேலை ஒப்படைப்பதில் தப்பினாரா, மெய்யாகவே ஆபத்தைக் கவனிக்கத் தவறினாரா என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. கேள்விகளை வெளியிட முடியாது என்பது புரிகிறது. ஆனால் தப்பின் வகையைச் சொல்லலாம். நான் ஒரு நோட்டில் எட்டு மாதம் செய்ததை, ஆயிரக்கணக்கான விடைகளை வைத்திருக்கிற கணினி ஒரு நிமிஷத்தில் செய்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ரொம்ப நாள் கழித்து எழுதப் போகிறவராக இருந்தால், எங்கள் நோட்டிலிருந்து ஒன்றே ஒன்று: தப்பிய கேள்விக்குப் பக்கத்தில் "மறந்தது" என்று எழுதுவதற்கு முன்னால், அது மறந்ததா, பெயர் மாறியதா, விதி மாறியதா, ஊர் மாறியதா என்று கேட்டுப் பாருங்கள். அக்காவின் நோட்டில் "மறந்தது" என்ற பத்தியைவிட மற்ற மூன்றும் சேர்ந்து நீளமாக இருந்தன. அது தெரிந்த நாளில் அவள் குரலே மாறிவிட்டது. "அப்போ நான் மக்கு இல்லடா" என்றாள். 15 வருஷமாக அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.